சார் குடித்த தண்ணீர்

எங்கே போனாலும் கையோடு வீட்டுத் தண்ணீரை எடுத்துப் போவேன். பழங்காநத்தத்தில் கல்யாண வீடுகளில், "மாப்ள, மொய்யோட தண்ணியும் கொண்டாந்துட்டியா?" என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

ஐயா, நான் ஆராய்ச்சிக்காரன். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் கழிவு ஓடையில் சிவப்பாக ஓடியது. அதை வடிகட்டும் சவ்வில் சாயம் அப்பிச் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். சவ்வின் மேல் நான் ஒரு பூச்சுப் பூசினேன். எண்ணெய் தடவிய கையில் பலாப்பிசின் ஒட்டாது, அது மாதிரி. சாயம் வழுக்கிப் போயிற்று, தண்ணீர் தெளிந்து வந்தது. அன்றைக்குச் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து தண்ணீரில் கலப்பதைப் பிறகு கண்டுபிடித்தேன். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதும் தெரியும். சரிசெய்யக் காலம் பிடிக்கும். அதற்குள் பட்டறைக்குப் பூட்டு விழும், என் சவ்வையும் எவரும் சீந்தமாட்டார்கள். வயலுக்குப் போகிற தண்ணீர்தானே என்று, சவ்வு வைத்த சுத்திகரிப்பு நிலையத்தின் திறப்பு விழாவுக்குச் சம்மதித்தேன்.

விழாவில் ஓடைக்கரை விவசாயி மருது எழுந்தார். "தண்ணி பளிச்சுன்னுதான் இருக்கு சார். நீங்க குடிப்பீகளா?"

நியாயமான கேள்வி. எல்லோர் முன்னாலும் ஒரு டம்ளர் குடித்துக் காட்டினேன். மருது என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆடுகூட வாய் வைக்காத ஓடை சார் இது," என்றார். மறுநாளே அவர் மனைவி பாண்டியம்மாள் குடத்தோடு ஓடைக்கு வந்தார்.

சில மாதங்களில் அவர்கள் மகள் முத்துமீனாவுக்கு முகமும் காலும் வீங்கின. படித்தவன் என்று என்னிடம்தான் வந்தார்கள். என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பிள்ளையின் சிறுநீரில் கொஞ்சம் வாங்கிப்போய் ஆய்வகத்தில் பார்த்தேன். பூச்சு இருந்தது, நான் எதிர்பார்த்த அளவுதான்.

என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். "நல்ல தண்ணிதாம்மா. சாரே குடிச்சதுதான்," என்றார் மருது. நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளோ என்னவோ. மாலை வாங்கிக்கொண்டு பிள்ளையின் துட்டிக்குப் போய்வந்தேன். மனசு கேட்கவில்லை, ஐயா. அந்தத் தெருவில் இப்போது இன்னும் சிலருக்குக் கால் வீங்கியிருக்கிறது.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். யாரையும் நான் குடிக்கச் சொன்னதில்லை. விழாவில் குடித்த டம்ளரைக்கூடக் குழாய் அறைக்குள் போய் என் பாட்டிலிலிருந்துதான் நிரப்பிவந்தேன். வெளித் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது.