மாப்பிள்ளை கழுத்தில் மஞ்சள் டேக்

“எனக்குப் பாத்திருக்குற மாப்ள கழுத்துல கம்பெனி கார்டு மாட்ற டேக் இன்னா கலர்னு நெட்ல பாத்தேன்டி,” என்றாள், ஒரகடம் ஷேர் ஆட்டோவில் என் தொப்பைக்கு அந்தப் பக்கம் நசுங்கியிருந்த கம்பெனிப் பெண், தோழியிடம். “வேல பர்மனென்ட்னாங்க. போட்டோவுல மஞ்ச டேக் கீது. அது கான்ட்ராக்ட் ஆளுங்களுக்குத்தானே?”

“வேற பேர்ல ஒரு ஐடி போட்டு அவர்கிட்ட பேசிப் பாரேன்.”

“அது தப்புடி. அவரே எல்லாருக்கும் காட்டுனத மட்டும்தான் பாத்தேன். போட்டோவும் போன வருஷத்துது. இப்ப மாறியிருக்கலாம். நேராவே கேட்டுடறேன்.”

போன் செய்தாள். நான் நாகரிகமாக ரோட்டைப் பார்த்தபடி, காதை மட்டும் அங்கேயே விட்டுவைத்தேன்.

“இன்னும் மஞ்சதானாம். பர்மனென்ட்னு சொன்னது அவங்கம்மாவாம். இவருக்கே தெரியாதாம்.”

“இன்னாடி பண்ணப் போற?”

“நானும் கான்ட்ராக்ட்தானே. எங்கம்மா அவங்ககிட்ட இன்னா சொல்லி வெச்சிருக்குன்னு மொதல்ல விசாரிக்கணும்.”