இருளாயி எழுதிய ஐந்தாம் தாள்

"அந்த ஊர்ல கக்கூசுத் தண்ணியெல்லாம் எங்கிட்டுப் போவும், வாத்தியாரையா?" என்று இருளாயி கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். எகிப்தையும் சிந்துவெளியையும் பற்றி அரை மணி நேரம் தொண்டை வறளப் பேசியிருந்தேன். ராஜாக்களைப் பற்றிக் கேட்பார்கள், புதைத்து வைத்த தங்கத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று காத்திருந்தால், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை கேட்பது இதைத்தான்.

டாக்டர் ஐயா, உங்கள் விசாரணைக்காக நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். முதல் என்றால் அந்தக் கேள்விதான். அதற்குப் பதிலும் சொன்னேன். சிந்துவெளியில் வீட்டுக்கு வீடு வடிகால் இருந்தது, அழுக்குத் தண்ணீர் தெருவோரக் கால்வாயில் போய் விழுந்தது, கால்வாய்க்குச் செங்கல்லால் மூடிகூட உண்டு என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "குடிக்கிற கெணத்துப் பக்கம் வராதுங்களா?" என்றாள். உட்கார் என்றேன்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. காலையில் பள்ளிக்கூடம், பகலுக்கு மேல் தாய் சுப்பம்மாவோடு கொழுந்து பறிப்பு. பள்ளிக்கு வருமுன் லயத்து வீடுகளுக்கெல்லாம் ஊற்றுநீர் விழும் பீலியில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து என் வீட்டு வாசலில் வைத்துவிடுவாள். நான் கேட்டதில்லை. "வாத்தியாரையாவுக்கு முட்டி நோவுதில்ல" என்பாள். வாரம் ஒருமுறை என் வேட்டியையும் துவைத்து நீலம் போட்டுத் தருவாள். பதிலுக்கு நான் படித்து முடித்த பத்திரிகைகளை அவளுக்குக் கொடுப்பேன். யாருக்கும் கடன்படுவது எனக்குப் பிடிக்காது.

அந்த வருஷம் கேகாலையில் ஒரு சங்கத்தார் தமிழ்ப் பள்ளிகளுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். எகிப்து, சிந்துவெளி, இரண்டில் எது உயர்ந்த நாகரிகம்? தெரணியகலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளியிலிருந்து கட்டுரை வரும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். இருளாயி ஐந்து தாள் எழுதினாள். முதல் இரண்டில் எகிப்து. செத்த ராஜாவுக்கு மலை போல வீடு கட்டியிருக்கிறார்கள், கல் சுமந்தவன் உயிரோடு இருந்த வீடு எது என்று தேடினேன், வாத்தியாரையா தந்த பத்திரிகையில் அது இல்லை என்று எழுதியிருந்தாள். அடுத்த இரண்டில் சிந்துவெளி. சின்ன வீட்டுக்கும் வடிகால் வைத்தவர்களே உயர்ந்தவர்கள் என்று நாலாம் தாளில் முடித்திருந்தாள். ஐந்தாம் தாளை நான் எடுத்துவிட்டு மற்ற நாலையும் அனுப்பினேன். முதல் பரிசு கிடைத்தது. நடுவர் மூவரில் நீங்களும் ஒருவர். "நல்ல கட்டுரை. முடிவுதான் பாதியில் நின்றதுபோல் இருக்கிறது" என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். உங்கள் கூர்மையை அப்போதே மெச்சிக்கொண்டேன்.

அந்தத் தாளை எடுத்ததற்குக் காரணம் உண்டு. போட்டிக்குக் கொடுத்தவை இரண்டு நாகரிகங்கள். அவள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தாள். "இப்ப நம்ம தோட்டத்தைப் பார்ப்போம்" என்றுதான் அந்தத் தாள் தொடங்கியது. விஷயத்தை விட்டு விலகுவது கட்டுரைக்கு அழகல்ல.

இன்னொன்று, அந்தத் தாளில் என்னைப் புகழ்ந்திருந்தாள். தன்னைப் புகழும் எழுத்தைத் தானே தபாலில் போடுவது என் போன்றவனுக்குக் கூச்சம்.

அவள் தாளைக் கொடுத்த மறுநாள், தண்ணீரைப் பீலியில் பிடிக்க வேண்டாம், மேலே காட்டு ஓடையில் மொண்டு வா என்று சொன்னேன். ருசியாக இருக்கும் என்றேன். ஓடை அரை மைல் தூரம். அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

"அப்ப நா எழுதுனது சரிதானுங்களே?"

"கையெழுத்து நன்றாக இருக்கிறது" என்றேன்.

அன்று முதல் எனக்கு ஓடைத் தண்ணீர் வந்தது. எனக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வீட்டுக்கு அவள் பீலியில் பிடித்துப் போனாள். இரண்டு தடவை மேலே ஏறி இறங்க நேரம் இல்லை, விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகுமுன் சுப்பம்மாவுக்குத் தேத்தண்ணி வேண்டும்.

அந்தத் தாளை அவள் முதலில் எழுதிப் பார்த்த பிரதி இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத சுப்பம்மா அதை பிஸ்கட் டின்னில் வைத்திருந்து உங்களிடம் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். ஆகவே அதில் உள்ளதை நானே சொல்லிவிடுகிறேன். தை மாதம் என் வீட்டுக்குக் கக்கூசுக் குழி வெட்ட, தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஏழுமலை கீழே பள்ளத்தில் இடம் காட்டினார். போய்வர நாற்பது படி. என் முட்டிக்கு அது ஆகாது. ஆளை வைத்து வீட்டுக்குப் பின்னாலேயே, மேட்டில், பலா மரத்தடியில் வெட்டிக்கொண்டேன். அதே சரிவில், கீழே, லயத்துப் பீலி. மழை தொடங்கியதும் பீலித் தண்ணீர் வாடை அடிக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். இருளாயி துணிக்குப் போடும் என் நீலத்தை எடுத்துக் குழிக்குள் கொட்டியிருக்கிறாள். இரண்டாம் நாள் மழை விட்டதும் பீலியில் தண்ணீர் நீலம் பாய்ந்து வந்ததாம். நீலம் சீக்கிரம் தீர்ந்துபோகிறதே என்று நான் குழம்பியது அந்த வாரம்தான்.

தாளின் கடைசி வரி இது: "வாத்தியாரையா நல்லவர், தெரிந்தால் குழியை மாத்திப்புடுவார்." நான் சொன்ன புகழ்ச்சி இதுதான்.

அவளுடைய நீல ஆராய்ச்சியில் குறை இருந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதை வரிக்கு வரி நம்பிய முதல் ஆள் நான். நம்பாமலா தண்ணீரை மாற்றினேன்?

குழியை மாற்றியிருக்கலாம்தான். மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். கிளாக்கர் காட்டிய இடத்தை மீறியது தோட்டத்தை நடத்தும் துரையின் காதுக்குப் போகும். அந்த வீடு எனக்கு நிரந்தரம் என்று அப்போதுதான் வாய்வார்த்தை கிடைத்திருந்தது.

ஆடியில் நெருப்புக் காய்ச்சல், நீங்கள் டைபாய்டு என்பது, வந்தது. லயத்தில் ஏழு பேர் போனார்கள். ஆறாவது இருளாயி. அவள் படுத்த நாலாம் நாள் காலை என் வாசலில் சுப்பம்மா குடத்தோடு நின்றாள்.

"வாத்தியாரையாவுக்கு ஆரு தண்ணி எடுக்குறாங்கன்னு கேட்டுக்கிட்டே கெடக்குறா. பீலியில புடிக்காத ஆத்தா, ஓடையிலதான் மொள்ளணும்னு சத்தியம் வாங்கிட்டா. காச்சல்ல என்னென்னமோ பொலம்புறா. நீலம் வருதா, நீலம் வருதாங்குறா."

"வீட்டுக்கு எங்கே பிடிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"எங்களுக்கென்னங்க, பீலிதான்."

கொதிக்க வைத்துக் குடி என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்டிருப்பாள். சுப்பம்மாவுக்கு எதையும் துருவிக் கேட்கும் குணம் உண்டு, மகளுக்கும் அது அவளிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். குடத்தை வாங்கி வைத்துக்கொண்டு, முருகன் பார்த்துக்கொள்வார் என்று ஆறுதல் சொன்னேன். அவள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பரிசுப் புத்தகம் அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம் வந்தது. அட்டை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். குழியை மூடச் சொல்லியிருக்கிறீர்கள். மூடலாம். புது இடம் காட்டும்போது என் முட்டியையும் கொஞ்சம் நினைவில் வைக்கச் சொல்லுங்கள்.

என்னை நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதையும் சேர்க்கிறேன். போன செவ்வாய்க்கிழமை எல்லாரும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த வேளையில், நானே ஓடைக்கு ஏறி ஒரு குடம் தண்ணீர் மொண்டேன். முட்டி வலியோடு லயம் வரை இறங்கி, சுப்பம்மா குடியிருக்கும் காம்பரா அறையின் வாசலில் வைத்து, குப்பை விழாமல் தட்டால் மூடிவிட்டு வந்தேன். இருளாயி எனக்குச் சுமந்ததற்கு அது ஈடு. பார்த்தவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் அதை நானே எழுதித் தர வேண்டியிருக்கிறது.