தங்க பஸ்பத்தின் பேரில் ஒரு புகார்

குந்துய்யா வைத்தியரே, இன்னும் முடியல. கதவு தொறந்தே கெடக்கட்டும், வெளிய பெஞ்சுல கீறவங்களும் கேக்கட்டும். வரிசையா வர்றேன். முதல் குத்தம், ஒக்கலிபுரம் செவுரு பூரா ஆண்மை போச்சான்னு நோட்டீஸ் ஒட்டி மனுஷனை பயமுறுத்துனது. நானும் தொழிலாளர் சங்கத்துக்காக நாப்பது வருஷம் நோட்டீஸ் போட்டவன்யா. அதுல அச்சகத்தோட பேரு இருக்கும். உன்னுதுல இந்த லாட்ஜோட ரூம் நம்பரு மட்டும்தான். ரெண்டாவது, வந்தவருக்கு சுகர் இருக்கா, வேற இன்னா மாத்திரை சாப்பிடறாருன்னு ஒரு வார்த்தை கேக்காதது. மூணாவது, சின்ன வயசுல கைப்பழக்கம், அதான் நரம்பு செத்துப்போச்சின்னு பேரன் எடுத்தவரைத் தலைகுனிய வெச்சது. நாலாவது, தங்க பஸ்பம். கோலார்ல பாதாளத்துல எறங்கித் தங்கம் வெட்டுன ஆளுக்கே தங்க பஸ்பம் வித்தே பாரு!

இன்னா, வேலை செஞ்சுதேன்றியா? ஏன் செய்யாது? ஆண்மைக்குக் குடுக்குற இங்கிலீஷ் மாத்திரைய அரைச்சிப் பொடியில கலந்திருக்கிறே. டெஸ்ட் ரிப்போர்ட் இருக்குது. பொடி தின்ன அன்னிக்கே அவருக்கு நெஞ்சு வலி வந்து, நாக்குக்கு அடியில வழக்கமான மாத்திரைய வெச்சாரு. ரெண்டும் சேர்ந்து பிரஷர் எறங்கி, வாசப்படியிலயே சாஞ்சிட்டாரு.

ஆஸ்பத்திரில சிந்தியான்னு ஒரு பொண்ணு டாக்டர். இது நரம்பும் இல்ல, பாவமும் இல்ல, சுகர்ல ரத்தக்குழாய் கெட்டுப்போச்சு, ரத்தம் ஓடல, அவ்ளோதான்னாங்க. நீ கலந்த மாத்திரையும் நல்ல மருந்துதானாம், ஆனா நெஞ்சு மாத்திரை வெச்சிக்கிறவன் தொடக் கூடாது. அவனுக்கு வேற வழி, ஊசி கீது, ரத்தத்தை இழுத்துக் குடுக்குற பம்பு கீது. இதையெல்லாம் சொல்ல அந்தப் பொண்ணு குரலைக் கூடத் தாழ்த்தல. நீ குசுகுசுன்னு பேசியே பொழைச்சிக்கினே.

சிரிக்கிறியா? எவன்யா பேரு போட்டுப் புகார் குடுப்பான்னுதானே? உன் தைரியமே அதான். இங்க வர்றவன் பூரா பொய்ப் பேரு. அதோ, ஒருத்தரு ஹெல்மெட்டையே கழட்டல. மொட்டைப் பெட்டிஷன் குப்பைக்குத்தான் போவும். பெட்டிஷன் எழுதியே கெழவனானவன், எனக்கா தெரியாது?

அண்ணன்மாரே, கொஞ்சம் உள்ள வாங்க. உங்க பேரு வேணாம், சாட்சியா காது குடுத்தா போதும். நான் எழுதுன இந்தப் பெட்டிஷன் போலீசுக்குப் போறதுக்கு முந்தி கடைசி வரிய மட்டும் படிக்கிறேன்.

மேற்படி பொடியைத் தின்று விழுந்தவரும் புகார்தாரரும் ஒருவரே: முனியப்பன் மகன் எத்திராஜ், வயது அறுபத்துமூன்று, பொம்மனஹள்ளி.