ஆறாவது பாட்டு

ரெண்டே கால்... ராத்திரி ரெண்டே கால் மணி. குடோன் ரோடு. ரெண்டு பக்கமும் இறக்கி விட்ட ஷட்டர், நடுவுல ஒரே நேர் ரோடு. ஆள் கிடையாது. நாய் கூடக் கிடையாது. அதுல ஒருத்தன் தனியா கார் ஓட்டிட்டுப் போறான்.

யாருன்னு சொல்லிடறேன். நம்ம டிரம்மரோட அண்ணன். ஸ்டூடியோவுல சவுண்டு இன்ஜினியர். டிரம்மர் இன்னைக்கு ரிகர்சலுக்கு வரல, அதான் தைரியமாச் சொல்றேன். அவன் இருந்தா இந்தப் பேச்சை எடுக்கவே விடமாட்டான். கரண்டு இப்போதைக்கு வராது. மழையும் விடாது. கிட்ட வந்து உக்காருங்க. டேய், அந்த மெழுகுவர்த்தியை ஊதி விளையாடாதே. நீ சாக்ஸபோன் ஊதறதையே நாங்க பொறுத்துக்கிட்டு இருக்கோம்.

சரி. டிரம்மரோட அத்தை வீட்டுக்காரர்தான் நம்ம டிரம்பெட் மாமா. அது தெரியாதவங்க இங்க யாரும் இல்ல. அவரோட கடைசி ஆல்பம் நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். அந்த ஆல்பத்தோட ஆறாவது பாட்டைப் பத்தினதுதான் இது.

பார்த்தியா, உடனே முழிக்கறே. "அஞ்சுதானே?"ங்கறே. எனக்கும் அஞ்சுதான் தெரியும். அஞ்சு பாட்டு, கடைசியில ஏழு நிமிஷம் ஒண்ணுமே இல்லாம ஓடும். ஜாஸ்காரங்க இப்படி ஏதாவது பண்ணுவாங்கன்னு நாமளும் விட்டுட்டோம். அந்த ஏழு நிமிஷ மௌனத்தைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதினவங்க எல்லாம் இருக்காங்க! ஆனா அண்ணன்காரன் ஆறுங்கறான். அவன் சொன்னபடியே சொல்றேன். குறுக்க யாரும் வாயைத் திறக்கப்படாது.

அவன் சொல்றது இது... மாமாவுக்கு அப்பவே நுரையீரல் போயிடுச்சு. ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல ஊதக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார். மனுஷன் கேட்டாத்தானே? ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்டூடியோவுக்குப் போய் உக்காந்துட்டார். மூச்சு பத்தாது, அதனால பத்து சுரம் வாசிக்கற இடத்துல மூணு வாசிச்சார். மிச்ச ஏழையும் நம்மளையே நினைச்சுக்க வெச்சார். அதுதாண்டா அந்த ஆல்பம். மத்தவன் ஊதறது காதுல கேக்கும். அவர் ஊதாம விட்டது நெஞ்சுல கேக்கும். 

அஞ்சு பாட்டு முடிஞ்சுது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தை உக்காந்திருக்காங்க. இவர் மைக்ல கேக்கறார். "போதுமா?"

அத்தை என்ன சொல்லியிருக்கணும்? போதும்னு சொல்லியிருக்கணும். ஆனா இருபத்தாறு வருஷக் கல்யாணத்துல அவர் அப்படி வாசிச்சு அவங்க கேட்டதே இல்ல. அந்தம்மா மெய்மறந்து போய், அந்தப் பக்கம் கேக்கறதுக்குன்னு இருக்கற பேச்சு பட்டனை அமுக்கி, "இன்னும் ஒண்ணு... ஒண்ணே ஒண்ணு"ன்னுட்டாங்க.

வாசிச்சார். ஏழு நிமிஷம். ஆறாவது பாட்டு. அன்னைக்கு ராத்திரியே போயிட்டார்.

எழவு வீட்ல மாமாவோட அக்கா எல்லார் முன்னாடியும் நாக்குல நரம்பில்லாம கேட்டாங்களாம். "ஒண்ணே ஒண்ணுன்னு கேட்டியே... கிடைச்சுதா?" அத்தை தலையைத் தூக்கவே இல்ல. இதுல கொடுமை, ஆல்பம் வந்தப்ப கம்பெனிக்காரங்க அந்தக் கேள்வியையும் பதிலையும் அப்படியே ரெக்கார்டுல விட்டுட்டாங்க. உருக்கமா இருக்காம். ஆக, ஊர்ல யார் வீட்ல அந்த ரெக்கார்டு சுத்தினாலும், அத்தை தன் புருஷனைச் சாகச் சொல்ற மாதிரி ஒரு குரல். ஒன்பது வருஷம்.

அப்புறம்தான் கம்பெனி அதை மறுபடி வெளியிடணும்னு நினைச்சுது. "சத்தமெல்லாம் சுத்தம் பண்ணிக் குடு"ன்னு வேலையை அண்ணன்காரன்கிட்டயே குடுத்தாங்க. அவன் உக்காந்து துடைச்சான் பாருங்க... நாற்காலி கிறீச்சுங்கறது, இருமல், டிரம்பெட்டோட பொத்தான் டக் டக்ன்னு விழறது, எல்லாத்தையும் எடுத்துட்டான். புதுசை வாங்கிக் கேட்டுட்டு நான் அவனைத் திட்டினேன். மனுஷன் இருந்த வீட்டை டெட்டால் போட்டுக் கழுவின மாதிரி இருக்குடான்னேன். ஆனா அவன் ஒரு வெட்டு மட்டும் பாசத்துல வெட்டினான். கேள்வியையும் பதிலையும் சேர்த்து எடுத்துட்டான். இனிமே அத்தையை எவனும் ஒரு சொல்லு சொல்லக் கூடாதுன்னு.

வெட்டின இடத்துல ஏதாவது வைக்கணுமே. சும்மா விட்டா பள்ளம் மாதிரிக் காது தடுக்கும். அதுக்கு ஸ்டூடியோவுல ஒரு பழக்கம் உண்டு. எல்லாம் முடிஞ்சதும் வெறும் ரூமை மட்டும் ஒரு நிமிஷம் பதிவு பண்ணி வெச்சுப்பாங்க. ரூமுக்குன்னு ஒரு சத்தம் இருக்கும்ல, அதை வெட்டுல ஒட்டிடலாம். அந்த சனிக்கிழமை டேப்போட கடைசியிலயும் அப்படி ஒரு நிமிஷம் இருந்துது. டப்பாவுல "வெறும் ரூம்"னு எழுதியிருந்துது. அதை எடுத்து நாப்பது இடத்துல ஒட்டினான்.

அங்கதான் தப்பு பண்ணிட்டான். அந்த ரூம் வெறும் ரூம் இல்ல. அது பின்னாடிதான் அவனுக்குத் தெரிஞ்சுது.

புது ரெக்கார்டை அத்தைக்கு அனுப்பினான். நாலு நாள் பேச்சே இல்ல. அஞ்சாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு போன்.

"டேய்... உங்க மாமா கேட்டுக்கிட்டே இருக்காருடா."

"என்ன அத்தை? கனவா?"

"நான் பதில் சொல்லவே இல்லடா. கேட்டுட்டு உக்காந்திருக்காரு, பாவம்."

அப்பவே காரை எடுத்தான். கிளம்பிட்டான். அதுதான் அந்தக் குடோன் ரோடு.

அத்தை வீட்டுக் கதவு தாழ் போடல. ஹால்ல ஒரே ஒரு சின்ன விளக்கு. அத்தை ரெக்கார்டு பிளேயர் பக்கத்துல தரையில உக்காந்திருக்காங்க. அழுது அழுது முகம் வீங்கியிருக்கு. அவங்க ஒண்ணும் சொல்லாம ஊசியைத் தூக்கி அஞ்சாவது பாட்டோட கடைசியில வெச்சாங்க.

பாட்டு முடிஞ்சுது.

"போதுமா?"

மாமா குரல்... அண்ணன்காரன் அந்தக் குரலைத் தன் கையால வெட்டி எறிஞ்சவன். 

அப்புறம் அமைதி. அஞ்சு செகண்டு. பத்து. அரை நிமிஷம். குனிஞ்சு பார்த்தான். தட்டு சுத்துது. ஊசி மட்டும் நகரல. அஞ்சாவது பாட்டுக்கும் ஆறாவது பாட்டுக்கும் நடுவுல மழமழன்னு ஒரு மெல்லிசு இடைவெளி இருக்கும்ல, அதுல ஒரே இடத்துல நிக்குது. காதைக் கிட்டக் கொண்டு போனான்... அந்த அமைதிக்குள்ள யாரோ மூச்சு வாங்கறாங்க. மெதுவா. இழுத்து இழுத்து. உள்ள சளி கரகரங்குது.

அப்பதான் அவனுக்கு உறைச்சுது. அன்னைக்கு ரூமைப் பதிவு பண்ணினப்ப மாமா எழுந்து போயிருக்கல. எழுந்துக்கத் தெம்பில்லாம, சத்தம் போடாம, அங்கயே உக்காந்திருந்திருக்கார்.

அவன் பதறிப் போய் ஊசியை எடுக்கக் கையை நீட்டினான். அத்தை அவன் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"எடுக்காதே. நானும் மூணு நாளா எடுத்து எடுத்து வெச்சுப் பார்த்துட்டேன். ஒவ்வொரு தடவையும் காத்திருக்கற நேரம் கூடிக்கிட்டே போகுதுடா."

"அத்தை, உங்களை யாரும் பேசக்கூடாதுன்னுதான் நான்..."

"தெரியும்டா கண்ணு. நல்லதுக்குத்தான் பண்ணே. ஆனா கெட்டதோ நல்லதோ, நான் அவருக்குச் சொன்ன பதில் அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துது. அதை எடுத்துட்டியே."

அவன் தேம்பித் தேம்பி அழுதிருக்கான். அத்தைதான் முதுகைத் தடவிக் குடுத்தாங்களாம். அப்புறம் கேட்டாங்க, "இப்ப அவருக்கு நான் என்ன சொல்லட்டும்?"

என்னன்னு சொல்லுவான்? இன்னும் ஒண்ணுன்னா, அந்தப் பாட்டு இருக்கும், அவர் போயிடுவார். போதும்னா...

அத்தைக்கு அந்த ஆறாவது பாட்டு உசுரு. அது ஒரு தாலாட்டு மாதிரி ஆரம்பிச்சு, நடுவுல ரெண்டு தரம் தடுக்கி, தடுக்கினதையே தாளமாக்கிக்கிட்டு எழுந்து போகுமாம். அண்ணன்காரன் அவ்வளவுதான் சொல்றான். அத்தை கண்ணை மூடிக்கிட்டு அந்த ஏழு நிமிஷத்தையும் முதல்லேருந்து கடைசி வரைக்கும் வாய்க்குள்ள முணுமுணுத்தாங்க. ஒரு இடம் விடாம. ரெக்கார்டுக்குள்ள அந்த மூச்சு காத்துக்கிட்டே இருக்கு. முணுமுணுத்து முடிச்சுட்டு, முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, பிளேயர்கிட்டக் குனிஞ்சாங்க.

"போதும். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

ஊசி நகர்ந்துது.

டிரம்பெட்டுக்குள்ள தேங்கின தண்ணியை ஊதி வெளிய விடுவாங்கல்ல, ஃபூ...ன்னு, அந்தச் சத்தம். நாற்காலி கிறீச். பெட்டியோட கொக்கி ரெண்டும்... டக். டக். செருப்புச் சத்தம். கதவு.

அப்புறம் ஏழு நிமிஷம் ஒண்ணும் இல்ல. இப்ப அது நிஜமாவே வெறும் ரூம்.

மறுநாள் காலையில அண்ணன்காரன் ஸ்டூடியோவுக்கு ஓடினான். பழைய டேப், அவன் சுத்தம் பண்ணின புது மாஸ்டர் டேப், பழைய ரெக்கார்டு, எல்லாத்தையும் போட்டுப் பார்த்தான். எல்லாத்துலயும் அஞ்சு பாட்டு. அப்புறம் நாம கேட்டுக் கேட்டுப் பழகின அதே பேச்சு, "போதுமா?", "போதும். வாங்க, வீட்டுக்குப் போலாம்." ஆமா... நீங்க உருகுவீங்களே, அதேதான். "ஆறாவது எங்க?"ன்னு கூட வேலை செய்யறவன்கிட்டக் கேட்டிருக்கான். தூங்கினியா இல்லையான்னு அவன் திருப்பிக் கேட்டிருக்கான். சரி, நாமளே பாடிக் காட்டலாம்னு இவன் வாயைத் திறந்தா... ஒரு சுரம் வரல. நாக்கு நுனியில கூட இல்ல.

திரும்ப அத்தை வீட்டுக்கு ஓடினான். அத்தை குளிச்சு, தலை வாரி, சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒன்பது வருஷத்துல அவங்க அப்படி உக்காந்து சாப்பிட்டு அவன் பார்த்ததில்லையாம்.

"அத்தை... அந்தப் பாட்டு..."

"எந்தப் பாட்டுடா?" கொஞ்சம் யோசிச்சாங்க. "நான் என்னமோ ஒண்ணு குடுத்தேன்டா. அது தெரியுது. என்னன்னுதான் தெரியல. போகட்டும் விடு. அதுக்குப் பதிலா ஞாயித்துக்கிழமை கிடைச்சுதே."

என்ன ஞாயித்துக்கிழமைன்னு கேட்டான். மாமா சனிக்கிழமை ராத்திரி சாகல. ஞாயித்துக்கிழமை ராத்திரிதான். சாவுச் சான்றிதழ்லயும் அப்படித்தான் போட்டிருக்கு, அத்தை எடுத்துக் காட்டினாங்க. ஒரே ஒரு நாள். பத்து மணி வரைக்கும் தூங்கினாராம். குளியலறைக் குழாயைச் சரி பண்றேன்னு திருகி வீடெல்லாம் தண்ணியாக்கினாராம். துணி மடிச்சுக் குடுத்தாராம், எல்லாத்தையும் தப்புத் தப்பா. டிரம்பெட்டைத் தொடவே இல்லையாம். சொல்லச் சொல்ல அத்தைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துது. "நேத்து வரைக்கும் எனக்கு அந்த நாள் இல்லடா. இப்ப இருக்கு."

சாயங்காலம் சொந்தமெல்லாம் வந்திருந்துதாம். மாமாவோட அக்கா வந்து, தம்பிக்கு சோறு ஊட்டி விட்டாங்களாம். அவங்களுக்கு அந்த நாள் நல்லா ஞாபகம் இருக்கு. எழவு வீட்ல அவங்க அத்தையைக் கட்டிப் பிடிச்சு அழுததுதான் ஞாபகம் இருக்கு. நம்ம டிரம்மருக்கும் அந்த ஞாயித்துக்கிழமை ஞாபகம் இருக்கு, நானே கேட்டுப் பார்த்தேன்.

அத்தை ஒரு போட்டோ எடுத்துக் குடுத்தாங்க. ஞாயித்துக்கிழமை எடுத்தது. மாமா சோபாவுல சாய்ஞ்சிருக்கார். பக்கத்துல அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன்.

அண்ணன்காரன்.

ஆனா அவனுக்கு மட்டும் அந்த நாள் இல்ல. தேடித் தேடிப் பார்க்கறான், சனிக்கிழமையோட மாமா போயிட்டார் அவனுக்கு. வெட்டினவன் அவன்தாங்கறதாலயா... எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் மாட்டேன்.

போட்டோவுல மாமா சாய்ஞ்சபடியே அவன் காதுல என்னமோ சொல்லிட்டு இருக்கார். அன்னைக்குக் கடைசியா அவர் பேசினது அதுதானாம். வீடே பார்த்திருக்கு. அவர் உதடு அசைஞ்சது தெரிஞ்சிருக்கு, இவன் தலையை ஆட்டினது தெரிஞ்சிருக்கு. வேற யாருக்கும் கேக்கல.

அத்தை தட்டைத் தள்ளி வெச்சுட்டு, அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஆசையாக் கேட்டாங்களாம்.

"இப்பவாவது சொல்லுடா கண்ணு... உன்கிட்ட என்ன சொன்னாரு?"