இடது கதவா, வலது கதவா: ‘மூன்று உயிர்’ ஆசிரியருக்கு

மேடையில் இருக்கும் நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் நம் ஆசிரியரின் மனைவி, அண்ணி அவர்களே, முப்பத்தேழு வருடங்களுக்கு முன் ‘மூன்று உயிர்’ இதழ் கேட்டு ஓர் உறைக்குள் தபால்தலையை வைத்து அனுப்பிவிட்டு, தபால்காரரின் மணிச்சத்தத்துக்குக் காத்துக் கிடந்த வாசகப் பெருமக்களே! மேடையின் மூன்றாவது நாற்காலியில் இருக்கும் பதிப்பக மேலாளர் அவர்களே, உங்களுக்கும் வணக்கம். உங்களுக்கு வைத்திருக்கும் வணக்கம் கொஞ்சம் நீளமானது. உட்கார்ந்து வாங்கிக்கொண்டு போங்கள்.

நம் ஆசிரியரின் இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் நாற்பது வருடமாக நகல் கடை நடத்துகிறவன். மேடைப் பேச்சு எனக்கு வராது, கோபம் வரும். இன்றைக்கு அது சீக்கிரமே வந்துவிட்டது.

மேலாளர் இங்கே பத்து நிமிடம் பேசினார். அந்தப் பொற்காலம் என்றார். முகம் தெரியாத ரசிகர்கள் கையால் செய்த பத்திரிகைகள் என்றார். அப்போது அவருடைய குரல்கூடத் தழுதழுத்தது. ஐயா, எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் இவ்வளவு பெரிதாக மாட்டியிருக்கிறதே ஒரு படம், அது யார் முகம்? மூக்குக்கண்ணாடி நழுவ, காதில் பென்சில் செருகி, புகைப்படக்காரரையே திருத்துவது போலப் பார்க்கிறாரே, அவரா முகம் தெரியாதவர்?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஆசிரியர் குடிநீர் அலுவலகத்தில் வரைவாளர். இந்த நகரத்தில் எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் ஓடுகிறது என்று வரைந்து வைப்பது அவர் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சியில் வீடியோ விளையாட்டுப் பெட்டியை மாட்டிவிட்டு, அந்த விளையாட்டில் வரும் பாதாள அரண்மனைக்கு எத்தனை அறை, எந்த அறையில் சாவி, எந்தப் படியில் கால் வைத்தால் தரை உடையும் என்று வரைவார். இணையம் என்ற சொல்லே நம் காதில் விழாத காலம். ஒரு கதவைத் தாண்ட முடியவில்லை என்றால் கேட்பதற்கு ஆள் கிடையாது. மூன்று உயிர் கொடுப்பார்கள், மூன்றும் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் பத்திரிகைக்கு ‘மூன்று உயிர்’ என்று பெயர் வைத்தார்.

என் கடையில் நகல் எடுப்போம். அவர் வீட்டு முன்னறையில் தாள்களை அடுக்கி, இரண்டு ஊசி குத்தி மடிப்போம். பன்னிரண்டு பக்கம். எந்த வழியையும் தானே மூன்று முறை விளையாடிப் பார்க்காமல் அவர் போட்டதில்லை. ஒருமுறை எனக்குப் பொறுமை போய்விட்டது. விளையாட்டுதானே அண்ணே, தப்பாய் இருந்தால் என்ன குடி முழுகிப் போகிறது என்று கேட்டேன். அவர் நிமிரக்கூட இல்லை.

“வரைபடம் தப்பா இருந்தா, எவனோ ஒருத்தன் வீட்டு வாசலைச் சும்மா தோண்டிப் போட்டுட்டுப் போவாங்கப்பா. குழாயா இருந்தா என்ன, கோட்டையா இருந்தா என்ன?”

அதிகப் புள்ளி எடுத்தவர் பட்டியல் ஒன்று வரும். சாட்சிக் கையெழுத்து இல்லாமல் யார் பெயரையும் ஏற்ற மாட்டார். அதோ ஜன்னலோரம் நிற்கிறாரே ஓய்வுபெற்ற நடத்துநர், அவர் தன் அம்மாவையே சாட்சியாகப் பிடித்தார். அந்தத் தாய் என்ன எழுதினார் தெரியுமா? என் மகன் பொய் சொல்ல மாட்டான், ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன ஓடியது என்று சத்தியமாக எனக்கு விளங்கவில்லை என்று எழுதியிருந்தார். இதைவிட நேர்மையான சாட்சி எங்கே கிடைக்கும் என்று சொல்லி, ஆசிரியர் அதை அப்படியே அச்சில் ஏற்றினார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவர் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. மற்ற பத்திரிகைகள் திருத்தத்தைக் கடைசிப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில் ஒளித்துப் போடும். நம்மவர் முதல் பக்கத்தில், தலைப்புக்கு அடியிலேயே போடுவார். தப்பு முன்வாசல் வழியாக வந்தது, முன்வாசல் வழியாகவே வெளியே போகட்டும் என்பார். வாசகர் எழுதும் பாராட்டெல்லாம் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போகும். அந்தப் பக்கத்தின் அடியில் அவர் பெயர், வீட்டு எண், தெரு. நாற்பத்தோரு இதழ்களில் ஒன்றில்கூட அது விடுபட்டதில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் மேலாளர் அவர் வீட்டுக்கு வந்தார். அண்ணி போட்ட காபியைக் குடித்தார். பழைய விளையாட்டுப் பத்திரிகைகளைப் பற்றிப் பெரிய புத்தகம் போடுகிறோம், படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்று நாற்பத்தோரு இதழ்களையும் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனார். பெட்டி திரும்பி வந்தது. ஊசியெல்லாம் பிடுங்கி, முதுகு வெட்டி, தாள் தாளாக வந்தது. பிறகு புத்தகமும் வந்தது. பளபளவென்று, தூக்கினால் கை வலிக்கிற அளவுக்கு. அதில் அறுபத்து மூன்றாம் பக்கத்தில் நம் ஆசிரியர் வரைந்த பாதாள அரண்மனை. கீழே என்ன போட்டிருக்கிறார்கள்? ‘பெயர் தெரியாத ரசிகர் ஒருவரின் கைவண்ணம்.’

பெயர் தெரியாதா? உங்கள் புத்தகத்தில் போட்ட கடைசிப் பக்கங்களிலிருந்து பெயரைக் கத்தரித்தீர்களே, அப்போது அந்தப் பெயரைப் படித்துப் பார்த்துத்தானே கத்தரித்தீர்கள்? கத்தரியும் ஓர் இடத்தில் சறுக்கியிருக்கிறது. எழுபதாம் பக்கத்தின் ஓரத்தில் 14/2 என்று அவருடைய வீட்டு எண் மட்டும் அரைகுறையாக நிற்கிறது. அந்த வீட்டில்தானே ஐயா காபி குடித்தீர்கள்?

என் ஆத்திரம் இதோடு முடிந்திருந்தால் நான் இந்த மேடை ஏறியிருக்கவே மாட்டேன். பெயர் போனதைப் பற்றி அவருக்கே பெரிய வருத்தம் இல்லை. அவருக்கு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது வேறொன்று. அறுபத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கும் அந்தப் படம் தப்பான படம்.

ஏழாவது இதழில் கீழ்த்தளத்தின் பதினெட்டு அறைகள் வந்தன. அவர் மை போட்டு ஒளிபுகும் தாளில் கோடு மட்டும் வரைந்து கொடுப்பார். நான் நகல் எடுப்பேன். அந்த நகலில் அண்ணி தன் முத்தான கையெழுத்தில் அறை எண்களை எழுதுவார். அந்த வாரம் ஆசிரியருக்கு மஞ்சள் காமாலை, படுத்த படுக்கை. சரிபார்க்காமல் இதழ் போய்விட்டது. படம் முழுக்க இடம் வலமாக மாறியிருந்தது. இடது கதவு என்று நம்பிக் குதித்தவர்கள் எல்லாம் நேரே நெருப்பில் விழுந்தார்கள். நூற்றுப்பதினெட்டு வாசகர்கள், ஆளுக்கு மூன்று உயிர். நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அவர் என்ன செய்தார்? கண்ணில் மஞ்சள் இறங்காத உடம்போடு, ஒன்பது நாள் உட்கார்ந்து, நூற்றுப்பதினெட்டு தபால் அட்டைகளில் அந்தப் பதினெட்டு அறைகளையும் கையால் சரியாக வரைந்து ஒவ்வொருவருக்கும் அனுப்பினார். நாலாவது வரிசையில் இருக்கும் செவிலியர் அம்மா, அதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கள். பாருங்கள், இத்தனை வருடம் கழித்தும் வைத்திருக்கிறார். எட்டாவது இதழின் முதல் பக்கத்தில் திருத்தம் வந்தது: ‘சென்ற இதழின் வரைபடத் தவறு ஆசிரியரின் கவனக்குறைவால் நேர்ந்தது.’

நாற்பத்தோரு இதழ்களையும் அள்ளிப்போன பெருமக்கள் எட்டாவது இதழின் முதல் பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை! படம் மட்டும் போதும், படிக்க எவனுக்கு நேரம்? பதிப்பகத்துக்கு அவர் மூன்று கடிதம் எழுதினார். மூன்றிலும் சரியான படத்தை இணைத்திருந்தார். தங்கள் கடிதம் கிடைத்தது, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று மூன்று தடவையும் ஒரே பதில் வந்தது. கடைக்கு வந்து என்னிடம் கேட்டார்.

“எம் பேரு கிடக்கட்டும்ப்பா. படத்தைத் திருப்பிப் போடச் சொல்லேன். இன்னிக்கும் எவனாவது அதைப் பார்த்து விளையாடுவான்ல?”

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் மேசையிலேயே சாய்ந்தாரே, அப்போது அவர் கைக்கு அடியில் கிடந்தது நான்காவது கடிதம்.

சபையோரே, நீங்கள் மட்டும் தப்பித்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். இணையம் வந்ததும் என்ன எழுதினீர்கள்? எல்லாம் சும்மாவே கிடைக்கிறதே சார், இனி எதற்கு இந்தத் தாள் என்று எழுதினீர்கள். நாற்பத்தோராவது இதழுக்கு உறை அனுப்பியவர்கள் பத்தொன்பது பேர். இன்றைக்கு இந்த மண்டபத்தில் நிற்க இடமில்லை. அந்த மையின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது என்று வாசலில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூக்கில் இருந்த வாசனை அப்போது கைக்கு வரவில்லையே ஐயா!

சரி, ஊரையெல்லாம் திட்டிவிட்டேன். ஒருவன் பாக்கி.

எட்டாவது இதழுக்கு முன்னால் ஆசிரியர் என் கடைக்கு வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினார். தாளை எப்படி வைத்தாய் என்று ஒரே கேள்வி கேட்டார். மை போட்ட பக்கம் நகல் இயந்திரத்தின் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். நான் அவசரத்தில் புரட்டி வைத்திருந்தேன். ஒளிபுகும் தாள், எப்படி வைத்தாலும் கோடு விழும். எனக்கு அது அந்த நிமிடமே விளங்கிவிட்டது. விளங்கியும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

“நீங்க குடுத்த மாதிரியேதான் வச்சேன், அண்ணே.”

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சரி என்றார். ஒரு கட்டு தபால் அட்டைக்குச் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு முப்பத்தைந்து வருடம் அந்தப் பேச்சே இல்லை. அவருக்குத் தெரியாது என்று நினைத்து நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன். கத்தரித்தவரைக் கேள்வி கேட்கிறேனே, என் தப்பின் மேல் அவர் பெயர் நின்றபோது நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

போன வாரம் அண்ணியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை.

“அவருக்கு அன்னிக்கே தெரியும். வரைவாளருக்கு இது தெரியாதா? பத்திரிகையில வந்துட்டா அது ஆசிரியர் தப்புதான், அவன் பேரை இழுக்காதேன்னுட்டாரு.”

எனக்கு அந்த முன்னறையில் உட்காரவும் முடியவில்லை, எழுந்து வரவும் முடியவில்லை.

ஆகவே இந்தச் சபையின் முன் சொல்கிறேன். ‘மூன்று உயிர்’ நாற்பத்திரண்டாவது இதழ் வரும். பாதிப் பக்கங்களை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை அதே முன்னறையில் தாள் மடிக்கிறோம். கண்ணைத் துடைத்தவர்கள் எல்லாம் கையைக் கழுவிவிட்டு வாருங்கள். மேலாளர் அவர்களே, முதல் பக்கத்தில் உங்கள் திருத்தத்துக்கு நாலு வரி இடம் விட்டிருக்கிறேன். அவர் பெயரையும் சரியான படத்தையும் உங்கள் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் போடுவதாக எழுதிக் கொடுத்தால் அச்சாகும். கொடுக்காவிட்டால் அந்த நாலு வரியும் வெறுமையாகவே அச்சாகும், மேலே உங்கள் பதிப்பகத்தின் பெயர் மட்டும் இருக்கும்.

அதற்கு மேலே, தலைப்புக்கு அடியில், வேறொரு திருத்தம் இருக்கிறது. அதற்கு நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நேற்றே எழுதிவிட்டேன். படித்துவிட்டு இறங்குகிறேன்.

‘ஏழாவது இதழின் வரைபடத்தில் இடது கதவை வலது கதவு என்றும், வலது கதவை இடது கதவு என்றும் கொள்ளவும். எட்டாவது இதழில் இத்தவறு ஆசிரியருடையது என்று வெளியானது பிழை. தாளைப் புரட்டி வைத்தவன் நகல் கடைக்காரன். கேட்டபோது பொய் சொன்னவனும் அவனே.’

இந்த முறை மை பக்கம் கண்ணாடியைப் பார்க்கிறதா என்று மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் மூடியை இறக்குவேன், அண்ணே.