குடைந்த போல்ட்டும் மேற்பார்வையாளரின் கையும்

என் வயது முப்பத்து நான்கு. பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில், மாடி வீட்டில், கணவருடனும் மாமியாருடனும் வசிக்கிறேன். ஆட்களை உயரத்துக்குத் தூக்கிச் செல்லும் இயந்திர மேடைகள் செய்யும் கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறேன். அங்கே என்னை டிசைன் அக்கா என்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்தபடி இதைப் போலீஸாராகிய உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் மேடைகளின் இரும்புக் கைகளைக் கோப்பது மூட்டு போல்ட். அதைக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு தடவைதான் வரைந்து வைத்திருக்கிறோம். சின்ன மேடையானாலும் பெரிய மேடையானாலும் அந்த ஒன்றையேதான் கொண்டுவந்து பொருத்துவோம். ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். ஒரு மேடைக்கு மட்டும் மாற்ற வேண்டுமானால் வேறு பெயரில் தனிப் பிரதி எடுத்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். மாமியாரின் கண் ஆபரேஷனுக்காக நான் லீவில் இருந்தபோது, எங்கள் மேனேஜர் சின்ன மேடையின் எடையைக் குறைப்பதற்காக என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பிரதி எடுக்காமல் மூல போல்ட்டையே நடுவில் குடைந்துவிட்டார். அதன் பிறகு பட்டறையில் எல்லா மேடைக்கும் குடைந்த போல்ட்டே போனது. முனையில் மூடி போட்டால் வெளியே தெரியாது. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

நேற்று காலை பெரிய மேடையைச் சோதித்தபோது போல்ட் முறிந்து, அடியில் நின்ற, பாகங்களைப் பொருத்தும் பிட்டர் மீது மேடை இறங்கியது. ஜாக்கி வைத்துத் தூக்கும் வரை அவர் தன் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தூக்கிய பிறகு கூப்பிடவில்லை. மேனேஜர் எல்லோர் முன்னாலும், "டிராயிங் அந்தம்மா போட்டது" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு எங்கள் வெல்டர், பட்டறை மாடியில் நான் வரைபடம் போடும் அறைக்கு வந்தார். அவர் இறந்தவரின் கூடப்பிறந்த தம்பி. ஸ்பேனரால் என் வாயில் அடித்தார். இரண்டு பற்கள் கீபோர்டு மேல் விழுந்தன. அடுத்த அடி தோளில் பட்டது. அதன் பிறகு கம்ப்யூட்டரை உடைக்க ஓங்கினார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "என்னை என்ன வேணா பண்ணு தம்பி, அத ஒடைக்காத. அந்த போல்ட் இன்னும் எங்கெங்க இருக்குன்னு அதுலதான் தெரியும்" என்றேன். அவர் ஓங்கிய கையோடு நின்றார். நான் திரையில் போல்ட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டினேன். நடு வெற்றாக இருந்தது, கடைசியாக மாற்றியவர் என்று மேனேஜரின் பெயர் இருந்தது. அதன் பிறகு அதே போல்ட் உள்ள மேடைகள் ஒவ்வொன்றாக நீல நிறத்தில் வந்தன. மற்றவை பட்டறையிலேயே நின்றன, ஒரு பெரிய மேடை மட்டும் முந்தின நாள் வெளியே போயிருந்தது. "இது எங்கக்கா இருக்கு?" என்று கேட்டார்.

பெயின்ட் அடிக்கும் ஒரு கட்டடத்தில் இருந்தது. அங்கே போன் போட்டோம், யாரும் எடுக்கவில்லை. வெல்டரின் வேனில் போனோம். இரண்டு பெயின்டர்கள் ஐந்தாவது மாடி உயரத்தில் மேடையில் நின்றார்கள். கீழே மேற்பார்வையாளர் பொத்தானை அழுத்தி இன்னும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். இறக்கச் சொன்னோம். என் சட்டையெல்லாம் ரத்தமாக இருந்ததைப் பார்த்து, "புருஷன் பொண்டாட்டி சண்டைய இங்க கொண்டு வராதீங்க. ஆபீஸ்ல சொன்னா எறக்குறேன்" என்றார். வெல்டர் அவர் சட்டையைப் பிடித்தார். கூட இருந்த இரண்டு பேர் வெல்டரைக் கீழே தள்ளி நெஞ்சில் மிதித்தார்கள். ஸ்பேனர் அவர் கையிலிருந்து தெறித்தது. மேற்பார்வையாளர் மறுபடி பொத்தானில் கை வைத்தார். நான் ஸ்பேனரை எடுத்து அந்தக் கையில் அடித்தேன். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அதன் பிறகு மேடையை நான்தான் இறக்கினேன்.

மேடை விழவில்லை. பெயின்டர்கள் இறங்கி, என்ன விஷயம் என்று கேட்டார்கள். வெல்டர் எழுந்து வந்து போல்ட்டைத் தட்டிக் கழற்றினார். சுற்றிலும் விரிசல் ஓடியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் அண்ணனுக்காக அழுதார்.

கையை உடைத்தது தான்தான் என்று வெல்டர் உங்களிடம் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அது பொய். அவர் உடைத்தது என் வாயை. கையை உடைத்தது நான். மூன்று முறை அடித்தேன். இரண்டாவது அடியிலேயே மேற்பார்வையாளர் பொத்தானை விட்டுவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் மூன்றாவது அடி அடித்தேன்.

சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, வாசித்துக் காட்டக் கேட்டேன், எல்லாம் உண்மை.

(கையொப்பம்)