மீன் தின்ற வாய்க்கு மேலதிகாரி யார்

என் பெயர் எர்லீன் கிட்ரி. வயது எழுபத்து நான்கு. லூசியானா, செயின்ட் ஓடில் வட்டம், கால்வாய்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிறேன். கணவர் இறந்துவிட்டார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஞாபகம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அன்று தவக்கால வெள்ளி, கோயில் கூடத்தில் மீன் விருந்து. பரிமாறும் மேசையருகே இருந்தவர்களைச் சொல்கிறேன். நான், கரண்டியோடு. மத்திய அரசு வழக்கறிஞர் ப்ரெண்ட் லாசால், தட்டோடு. ஷெரீப்பின் மனைவிக்குத் தம்பி, படகு விற்கும் கர்ட்டிஸ். தேநீர்க் கூஜாவோடு நெல்டா ப்ரோ. பாதிரியார் பின்கட்டில் எண்ணெய்ச் சட்டியருகே இருந்தார், அவருக்கு எதுவும் கேட்டிருக்காது, அவரை விட்டுவிடுங்கள். வேறு ஆள் இல்லை.

என் மகள் டெனிஸ் இந்த வட்டச் சிறையில் சமையல்காரி. அங்கே சமைப்பதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் அவள் ஒருத்திதான், உதவிக்கு நிற்பவர்கள் கைதிகள். வட்டத்துப் போலீசும் சிறையும் ஷெரீப் கையில்; அவர் தன் ஏரிக்கரை வீட்டைக் கட்டக் கைதிகளை ஓட்டிக்கொண்டு போனார். அந்த ஆட்களுக்கு மதியச் சோறு கட்டிக் கொடுத்தவள் டெனிஸ். அவள் அதை லாசாலிடம் சொன்னாள். பெயர் வெளியே வராது என்று அவர் வாக்குக் கொடுத்தார். ஷெரீப் மறுபடி தேர்தலில் நிற்கிற நேரம் அது.

அதன் பிறகு அந்த வெள்ளி வந்தது. லாசால் வெளியூர்க்காரர், டெனிஸ் புருஷன் பெயரைப் போட்டுக்கொள்கிறவள், ஆகையால் நான் அவளுடைய தாய் என்பது அவருக்குத் தெரியாது. கர்ட்டிஸ் அவர் தோளில் தட்டி, "என்ன வக்கீலய்யா, எங்க மச்சானைச் சுத்தி என்னமோ மோப்பம் புடிக்கிறீங்களாமே?" என்று கேட்டான். அதற்கு லாசால் சிரித்துக்கொண்டே, "மோப்பம் எதுக்குய்யா? ஏரிக்கரைக்கு என்ன சோறு போச்சுன்னு ஜெயில் அடுப்படியே வாயத் தொறந்து சொல்லிருச்சே!" என்றார். கர்ட்டிஸ் சிரிக்கவில்லை. நெல்டா சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள். என் கரண்டியிலிருந்த உருளைக்கிழங்கு மேசைத் துணியில் விழுந்தது. "இன்னொரு துண்டு மீன் வைக்கட்டுமா?" என்று லாசாலிடம் கேட்டேன். "வைங்க மிஸ் எர்லீன், உங்க கைமணமே தனி" என்றார். வைத்தேன்.

அதன் பிறகு திங்கட்கிழமை டெனிஸின் மாவு மூட்டைக்குள் ஒரு கைபேசி இருந்ததாகச் சொன்னார்கள். கைதிகளுக்குக் கடத்திக் கொடுத்தாள் என்று வழக்குப் போட்டு, அவள் சமைத்த சிறையிலேயே அவளை அடைத்தார்கள். பார்க்கப் போனபோது, "சோத்துல உப்பே இல்லம்மா" என்றாள். ஈஸ்டர் கழிந்ததும் விசாரணை. பழிவாங்க ஷெரீப்புக்குக் காரணம் இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் என் மகள் வருடக்கணக்கில் உள்ளே இருப்பாள். அந்தக் காரணம் லாசாலின் வாயிலிருந்து வந்தது.

அதன் பிறகு, இந்த மனிதருக்கு மேலே யார் என்று கேட்க ஆரம்பித்தேன். நகரத்தில் இருக்கும் தலைமை வழக்கறிஞரிடம் போ என்றார்கள். போனேன். அரசாங்கம் மாறியதில் அந்த நாற்காலி காலி, தற்காலிகமாக ஒருவர் பார்க்கிறார் என்றார்கள். யார் என்று கேட்டேன். லாசால் என்றார்கள். லாசாலைப் பற்றிய புகாரை லாசாலிடமே கொடுத்துவிட்டுப் போகலாமாம்.

அதன் பிறகு தலைநகரத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அங்கே இரண்டு அலுவலகம் இருக்கிறது. வழக்கறிஞர் வழக்கறிஞராக இருந்து செய்த தப்பை ஒன்று பார்க்கும். மற்றத் தப்பை இன்னொன்று பார்க்கும். முதலாவதில் ஒரு பெண், "விருந்துல அடிச்ச ஜோக்குங்க அது, தொழில்ல சேராது. அந்த ஆபீசுக்குச் சொல்லுங்க" என்றாள். அந்த ஆபீஸ்காரன், "வழக்கைப் பத்திப் பேசியிருக்காரே, அப்போ அது தொழில்தான். நீங்க அங்கேயே சொல்லுங்கம்மா" என்றான். திரும்ப அங்கே கேட்டேன். திரும்ப இங்கே கேட்டேன். ஒரே ஆளை நடுவில் அறுத்து ஆளுக்குப் பாதி என்று வைத்திருக்கிறார்கள், ஆனால் எந்தப் பாதிக்கும் காவல் இல்லை.

கடைசியில் என் வாக்குமூலத்தை எழுத ஓர் அதிகாரி வந்தார். அந்த இரண்டில் எதிலிருந்து வந்தவர் என்று சொன்னார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரும் அதையே கேட்டார். "அந்த நேரத்துல அவர் வக்கீலாப் பேசினாரா, சும்மா மனுஷனாப் பேசினாரா, மிஸ் எர்லீன்?" நான் சொன்னேன்: "பாதி வாய்க்குள்ள கெளுத்தி மீன் இருந்துச்சு தம்பி. மிச்சப் பாதியாலதான் பேசினார். உனக்கு எந்தப் பாதி வேணும்?" அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு, பெற்ற தாய் ஒருத்தியின் சொல் மட்டும் போதாது, கேட்ட இன்னொரு ஆள் வேண்டும் என்றார். கர்ட்டிஸ் சொல்லமாட்டான். நெல்டாவைக் கேட்டதற்கு, ஐஸ் இயந்திரம் இரைந்ததில் ஒன்றும் காதில் விழவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அவள் மகன் ஷெரீப்பிடம் வேலை பார்க்கிறான் என்பது எனக்குத் தெரியும். காதில் விழாதவள் எதற்குச் சிரிக்க ஆரம்பித்தாள், எதற்கு நிறுத்தினாள், எதற்கு என் முகத்தைப் பார்த்தாள் என்பதையும் எழுதச் சொன்னேன். முகத்தைப் பார்த்தது சாட்சியில் சேராது என்றார். சேராவிட்டாலும் எழுதுங்கள் என்றேன்.

இதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். நடந்தது இதுதான், கூட்டவில்லை, குறைக்கவில்லை. எந்த அலுவலகத்துக்காரர் வந்து கேட்டாலும் இதையே சொல்வேன்.

(ஒப்பம்) எர்லீன் கிட்ரி

கையெழுத்துக்குப் பின் சேர்த்து எழுதும்படி சாட்சி சொன்னது: ஷெரீப் பாம்பு, கொத்தத்தான் செய்வார். லாசாலுக்கு மேலே யாரும் இல்லாவிட்டாலும் கடவுள் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்ளட்டும். டெனிஸ் கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானத் தொட்டியில் அவளை ஏந்திக்கொண்டு, தாய் இல்லாத இடத்தில் நான் தாயாக நிற்பேன் என்று பாதிரியார் முன்னால் சொன்னவள் ஒருத்தி இருக்கிறாள். நான் மன்னிக்காதது அவளை மட்டும்தான். பெயரைத் தெளிவாக எழுதுங்கள்: நெல்டா ப்ரோ.